நாலு பேர், ஒரு செமஸ்டர், ஒரு வீடியோ கேம்: எந்த எஞ்சினை எடுப்பது?

புராஜெக்ட் தலைப்புக்கு கைடு கையெழுத்துப் போட்டாகிவிட்டது. குழுவில் நாலு பேர். அடுத்த நிமிடமே, எந்த எஞ்சினில், அதாவது கேம் செய்ய உதவும் எந்த மென்பொருளில் செய்வது என்று வாக்குவாதம் தொடங்கிவிடும். ஒருவர் பைதான் தெரியும், பைகேம் போதும் என்பார். இன்னொருவர் அன்ரியலில் பார்த்த காட்டையும் மழையையும் காட்டுவார். மூன்றாமவர் வேலைக்கு யூனிட்டிதான் கேட்கிறார்கள் என்பார். நான்காமவர் கோடோ இலவசம் என்பார். நாலு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் முடிவு எடுக்க முடியாமல் இரண்டு வாரம் போய்விடுகிறது.

இந்தக் கட்டுரை ஒரு குறிப்பிட்ட நிலைமைக்கு எழுதப்படுகிறது. முதல்முறை கேம் செய்யும் கல்லூரிக் குழு, நாலு பேர், ஏறக்குறைய 14 வாரம், ஆளுக்கொரு லேப்டாப், பெரும்பாலும் 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன் வைவா. உங்கள் நிலைமை வேறு என்றால் முடிவும் வேறாகலாம். அளவுகோல்கள் அப்போதும் உதவும்.

## முதலில் அளவுகோல்கள்

குழுவிலேயே பலவீனமான லேப்டாப். நல்ல லேப்டாப் வைத்திருப்பவரைப் பார்த்து எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால், மற்ற மூவரும் மெல்ல மெல்ல ரிப்போர்ட் எழுதுபவர்களாகவும் படம் தேடுபவர்களாகவும் ஆகிவிடுவார்கள். வேலை முழுக்க ஒரே தலையில் விழும்.

ஒரே நாளில் நாலு பேரும் வேலை செய்ய முடியுமா? முதல்முறை குழுக்கள் யோசிக்கவே யோசிக்காத கேள்வி இது. எங்கள் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான். இருவர் ஒரே கோப்பை மாற்றினால் என்ன ஆகும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். புராஜெக்டை ஜிப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளும் குழு, மூன்றாவது வாரத்தில் யாருடைய பிரதி சரியானது என்று தெரியாமல் நிற்கும். அதனால் கிட் (யார் எதை மாற்றினார் என்று பதிவு செய்து எல்லாருடைய மாற்றங்களையும் இணைக்கும் கருவி) பயன்படுத்துவீர்கள் என்று வைத்துக்கொண்டே கீழே எழுதுகிறோம்.

எங்கே ஓட வேண்டும்? லேப் கம்ப்யூட்டரிலா, பிரவுசரிலா, ஆண்ட்ராய்டு போனிலா?

திரையில் தமிழ் வர வேண்டுமா? வேண்டும் என்றால் இது சின்ன விஷயம் இல்லை. தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறோம்.

ஏற்கெனவே தெரிந்த மொழி. இதற்குப் பலரும் அளவுக்கு மீறி எடை கொடுக்கிறார்கள். பைதான் எழுதத் தெரிந்தவருக்கு கோடோவின் ஜிடிஸ்கிரிப்ட் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். ஜாவா தெரிந்தவருக்கு சி ஷார்ப்பும் அப்படித்தான். நேரத்தை விழுங்குவது மொழி இல்லை, எஞ்சினின் பழக்கவழக்கங்கள்.

| | பைகேம் | கோடோ 4 | யூனிட்டி 6 | அன்ரியல் 5 |
|---|---|---|---|---|
| 8 ஜிபி லேப்டாப் | தாராளம் | தாராளம் | ஓடும், காத்திருக்க வேண்டும் | வேண்டாம் |
| இன்ஸ்டால் அளவு | மிகச் சிறிது | எடிட்டர் ஜிப் 100 எம்பிக்குள். எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் (கேமைத் தனியாக ஓடும்படி வெளியே எடுக்கத் தேவையானவை) சுமார் 1 ஜிபி | ஆண்ட்ராய்டு பகுதியோடு 10 ஜிபிக்கு மேல் | பல பத்து ஜிபி |
| எழுதும் மொழி | பைதான் | ஜிடிஸ்கிரிப்ட், சி ஷார்ப் | சி ஷார்ப் | புளூபிரிண்ட் (பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து எழுதுவது), சி++ |
| ஒரே கோப்பில் இருவர் | உரைக் கோப்பு. இணைக்கலாம் | உரைக் கோப்பு. இணைக்கலாம் | உரைக் கோப்பு. சிரமப்பட்டு இணைக்கலாம் | பைனரி (உரையாகப் படிக்க முடியாத கோப்பு). இணைக்க முடியாது |
| பிரவுசர் | சுற்றுவழி | ஜிடிஸ்கிரிப்டில் எளிது | முடியும் | இல்லை |
| ஆண்ட்ராய்டு | கடினம் | முடியும் | நன்றாக முடியும் | முடியும், கனமானது |
| தமிழ் எழுத்து | சோதித்துப் பார்க்க வேண்டும் | சரியாக வரும் | கவனம் தேவை | சரியாக வரும் |

## பைகேம்

பைகேமை எஞ்சின் என்று சொல்வதே சரியில்லை. திரையில் படம் வரைய, ஒலி எழுப்ப, விசை அழுத்தத்தைப் படிக்க உதவும் நூலகம் அது. லெவல் அமைக்க எடிட்டர் கிடையாது, இயற்பியல் கிடையாது, பட்டன், மெனு எல்லாம் நீங்களே எழுத வேண்டும்.

இந்தக் குறையே சில புராஜெக்டுகளில் நிறைவாகிவிடும். ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு, நகரும் புள்ளிகள் நிலையானவை. இதில் தேர்வாளர் கேட்கப்போவது புலி எப்படி யோசிக்கிறது என்பதைத்தான்: மினிமாக்ஸ் (எதிராளியின் பதில்களையும் கணக்கிட்டு நகர்வைத் தேர்ந்தெடுக்கும் முறை) எத்தனை ஆழம் போகிறது, ஆல்பா-பீட்டா வெட்டு (பார்க்கத் தேவையில்லாத நகர்வுகளை விட்டுவிடுவது) எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது, நிலையை எப்படி மதிப்பிடுகிறீர்கள். பல்லாங்குழியும் அப்படியே. அல்காரிதம்தான் புராஜெக்ட், திரை வெறும் ஜன்னல் என்றால் பைகேமை எடுங்கள். வேறெதுவும் இவ்வளவு சீக்கிரம் அல்காரிதத்துக்குள் உங்களைக் கொண்டுபோகாது.

ஓடிக் குதிக்கும் கேம் என்றால் மறைமுகச் செலவு கூடும். மோதல் கண்டறிதல், கேமரா நகர்வு, அனிமேஷன் மாற்றம் ஆகிய மூன்றுக்குமே மூன்று நாலு வாரம் போய்விடும். வழக்கமாக நடக்கும் தவறுகள் இவை. எல்லாரும் ஒரே மெயின் கோப்பில் எழுதுவார்கள். ஒரே இடத்தை இருவர் மாற்றியதால் கிட்டில் தினமும் மோதல் வரும். படத்தை லூப்புக்குள்ளேயே ஏற்றுவார்கள், கேம் திணறும். நகர்வை, முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்க மறப்பார்கள்; ஒரு லேப்டாப்பில் வேகமாகவும் இன்னொன்றில் மெதுவாகவும் ஓடும். பைஇன்ஸ்டாலர் கருவியில் இஎக்ஸ்இ (பைதான் இல்லாமலே ஓடும் கோப்பு) ஆக்கும்போது படங்களும் ஒலிகளும் கூடவே வராது; கோப்புப் பாதையைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். பைகேமையும் அதன் கிளையான பைகேம் சிஇ-யையும் ஒரே சூழலில் சேர்த்து வைக்கக் கூடாது. நாலு பேரும் ஒன்றையே போடுங்கள்.

## கோடோ

அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் உருவாக்கி, 2014இல் திறமூலமாக வெளிவந்த எஞ்சின். எம்ஐடி உரிமம் என்பதால் கட்டணமும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. மாணவர் குழுவுக்கு அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு: இதை இன்ஸ்டால் செய்யவே தேவையில்லை. ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் கோப்பை இருமுறை சொடுக்கினால் போதும். அட்மின் பாஸ்வேர்டு கிடைக்காத, ரீஸ்டார்ட் ஆனதும் பழைய நிலைக்குத் திரும்பும்படி பூட்டிவைத்த லேப் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம். கல்லூரி லேப்பைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பழைய லேப்டாப்பில் புராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரர் (காட்சியை வரையும் பகுதி) மூன்றில் கம்பாட்டிபிலிட்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை வல்கன் போன்ற புதிய கிராபிக்ஸ் முறைகளைக் கேட்கும். இது பழைய ஓபன்ஜிஎல் முறையிலேயே ஓடும். பிரவுசருக்கு எக்ஸ்போர்ட் செய்யவும் இதுவே தேவை.

குழு வேலைக்கு இதன் அமைப்பு இயல்பாகவே பொருந்துகிறது. எல்லாமே சீன்: பிளேயர் ஒரு சீன், எதிரி ஒரு சீன், மெனு ஒரு சீன், இவற்றை அடுக்கிய லெவல் இன்னொரு சீன். ஒவ்வொன்றும் தனி உரைக் கோப்பு. பிளேயர் சீனை ஒருவர், எதிரியை ஒருவர், மெனுவை ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் வாரக்கணக்கில் மோதலே வராது. வந்தாலும் கோப்பைத் திறந்து கண்ணால் படித்துச் சரிசெய்யலாம்.

இனி செலவுகள். யூடியூபில் கிடைக்கும் பாடங்களில் நிறைய கோடோ 3-க்கானவை. 2023 மார்ச்சில் வந்த 4.0-இல் பெயர்களே மாறிவிட்டன. கைனமேட்டிக்பாடி2டி இப்போது கேரக்டர்பாடி2டி. ஈல்டு இப்போது அவெய்ட். மூவ் அண்ட் ஸ்லைடுக்கு அடைப்புக்குறிக்குள் எதுவும் தரக் கூடாது. பாடத்தில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்து பிழை வந்தால் முதலில் பாடத்தின் பதிப்பைப் பாருங்கள்.

இரண்டாவது பொறி, கோப்புப் பெயரின் சிறிய, பெரிய எழுத்து. விண்டோஸில் இரண்டும் ஒன்று. எக்ஸ்போர்ட் ஆன கேமில் வேறு வேறு. எடிட்டரில் அழகாக ஓடிய கேம், போனில் படம் இல்லாமல் திறப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தில், இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டு வைப்பது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

கிட்டில் விட்டுவிடக் கூடாதவை: ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உருவாகும் இம்போர்ட் கோப்புகள், 4.4 முதல் ஸ்கிரிப்டுகளின் பக்கத்தில் உருவாகும் யுஐடி கோப்புகள். ஏற்றக் கூடாதது: புள்ளியில் தொடங்கும் கோடோ கோப்புறை. கோடோ 4-இல் சி ஷார்ப்பில் எழுதினால் பிரவுசருக்கு எக்ஸ்போர்ட் செய்ய முடியாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பிரவுசர் வேண்டும் என்றால் ஜிடிஸ்கிரிப்ட்தான்.

2டி கேம், புதிர் கேம், கதை கேம், கொஞ்சம் 3டி ஆகியவற்றுக்கு இந்த நாலில் எங்கள் முதல் தேர்வு கோடோ.

## யூனிட்டி

2005இலிருந்து இருக்கும் எஞ்சின். மொபைல் கேம் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் இதையும் சி ஷார்ப்பையும் அதிகம் கேட்கிறார்கள். எந்தச் சந்தேகத்துக்கும் யாரோ ஒருவர் ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருப்பார். ஆண்ட்ராய்டு போனில் 3டி கேம் என்றால் நாலில் இதுவே சரியான இடம். போனின் கேமரா வழியாகப் பார்க்கும் ஏஆர் புராஜெக்ட் என்றாலும் அப்படியே.

கட்டணம் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 2023 செப்டம்பரில் இன்ஸ்டால் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்று அறிவித்தார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்து, 2024 செப்டம்பரில் கைவிட்டார்கள். பர்சனல் உரிமத்தின் ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் டாலர் ஆனது. செமஸ்டர் புராஜெக்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

உண்மையான செலவு நேரம். ஸ்கிரிப்டில் ஒரு வரி மாற்றிச் சேமித்தால் எடிட்டர் மறுபடி கம்பைல் செய்யும். 8 ஜிபி லேப்டாப்பில், பக்கத்தில் பிரவுசரும் விஷுவல் ஸ்டூடியோவும் திறந்திருந்தால் அந்தக் காத்திருப்பு எரிச்சலூட்டும் அளவுக்கு நீளும். ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ள லேப்டாப் என்றால் எஸ்எஸ்டி மாற்றாமல் யூனிட்டிக்குப் போகாதீர்கள்.

கிட்டில் மூன்று விதிகள். லைப்ரரி கோப்புறையை ஏற்றக் கூடாது. அது ஒவ்வொரு கணினியிலும் தானாக உருவாகும், ஜிபி கணக்கில் வளரும். கிட் புராஜெக்டுகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது என்பதால் முதல் புஷ்ஷே (ஏற்றமே) நின்றுவிடும். ரிப்போ (புராஜெக்டின் கிட் சேமிப்பிடம்) உருவாக்கும்போதே யூனிட்டிக்கான கிட்இக்னோர் டெம்ப்ளேட்டை (எவற்றை ஏற்றக் கூடாது என்ற பட்டியல்) தேர்ந்தெடுங்கள். அடுத்தது, மெட்டா கோப்புகளைக் கட்டாயம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கோப்பின் அடையாள எண்ணும் அதில்தான் இருக்கிறது. அது விடுபட்டால் நண்பரின் கணினியில் ஸ்கிரிப்ட் இருந்த இடமெல்லாம் காணவில்லை என்று காட்டும். மூன்றாவது, நாலு பேரும் கடைசி எண் வரை ஒரே பதிப்பு வைத்திருக்க வேண்டும். ஒருவர் புதிய பதிப்பில் திறந்து சேமித்துவிட்டால் புராஜெக்ட் மேம்படுத்தப்பட்டுவிடும், மற்றவர்கள் பின்தங்குவார்கள்.

சீன் கோப்பு உரைதான். ஆனால் எண்களாலான ஆயிரக்கணக்கான வரிகள். இருவர் ஒரே சீனை மாற்றினால் கண்ணால் பார்த்து இணைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். எஞ்சினோடு வரும் யாமல் மெர்ஜ் கருவி ஓரளவு உதவும். அதைவிட நல்ல வழி, சீனில் இருப்பதையெல்லாம் பிரீஃபேபாக (தனிக் கோப்பாகச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் பொருளாக) உடைத்துவிட்டு, சீனை யார் தொடப்போகிறார் என்று குழுவில் சொல்லிவிட்டுத் தொடுவது.

யூனிட்டியின் அசெட் ஸ்டோரில் (படம், 3டி மாடல் கிடைக்கும் இணையக் கடை) எடுத்த பொருள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். பழைய ரெண்டர் முறைக்குச் செய்த மெட்டீரியல் அது; கன்வர்ட்டரை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். அந்த அசெட்டுகளைப் பொது ரிப்போவில் ஏற்ற உரிமம் அனுமதிக்காது. ரிப்போவைத் தனிப்பட்டதாக வையுங்கள். இல்லையெனில் கென்னி தளத்தின் சிசி0 படங்கள் போல தடையற்றவற்றை எடுங்கள்.

பிரவுசர் பில்டில் (பிரவுசரில் ஓட எடுத்த கேமில்) ஏற்றும் பட்டை முடிவுவரை போகாமல் நின்றால், சர்வர் சுருக்கிய கோப்பைச் சரியாக அனுப்பவில்லை என்று பொருள். பப்ளிஷிங் அமைப்பில் டீகம்ப்ரெஷன் ஃபால்பேக்கை டிக் செய்து மறுபடி பில்ட் எடுங்கள்.

## அன்ரியல்

காட்சியின் தரத்தில் இதற்குப் போட்டி இல்லை. தர்ட் பெர்சன் டெம்ப்ளேட்டைத் திறந்த உடனே ஓடிக் குதிக்கும் மனிதர் கிடைத்துவிடுவார். 5 சதவீத ராயல்டி 10 லட்சம் டாலர் வருமானத்தைத் தாண்டிய பிறகுதான், உங்களுக்குச் செலவில்லை.

அன்ரியலை உருவாக்கும் எபிக் நிறுவனம் பரிந்துரைக்கும் கணினி 32 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம். 8 ஜிபி லேப்டாப்பில் ஷேடர் (ஒளி, நிறத்தைக் கணக்கிடும் நிரல்) கம்பைல் ஆவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை போய்விடும். அதையும் மன்னிக்கலாம். அசெட்டும் லெவலும் பைனரி கோப்புகள் என்பதுதான் குழுவுக்குப் பெரிய அடி. ஒரு புளூபிரிண்ட்டை இருவர் மாற்றினால் ஒருவருடைய வேலை போயே போச்சு. ஒருவர் திருத்தும்போது மற்றவர் மாற்றாதபடி கோப்பைப் பூட்டும் கிட் எல்எஃப்எஸ் வசதி, அல்லது 5 பேர் வரை இலவசமான பெர்ஃபோர்ஸ், இரண்டில் ஒன்றை அமைத்துப் பழகாமல் தொடங்கக் கூடாது. பிரவுசருக்குப் போகும் வழியும் 4.24 பதிப்போடு எஞ்சினிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

லேப்பில் நல்ல கிராபிக்ஸ் கார்டுள்ள கணினிகள் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றனவா? ஒரு கோயில் மண்டபத்தையோ பழைய வீட்டையோ சுற்றி நடக்கும் அனுபவம்தான் புராஜெக்டா? குழுவில் ஒருவருக்காவது பிளெண்டர் (3டி மாடல் செய்யும் மென்பொருள்) கைவருமா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் யோசனை.

## திரையில் தமிழ் வேண்டும் என்றால்

தமிழில் எ, ஏ, ஐ உயிர்மெய்களின் கொம்பு கணினியில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னால் வர வேண்டும். ஒ, ஓ, ஔ வரிசையில் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இதைச் செய்வது எழுத்துருவுக்கும் திரைக்கும் நடுவில் இருக்கும் வடிவமைப்புப் பொறி. அது இல்லாத இடத்தில் எழுத்துகள் சேமித்த வரிசையிலேயே வந்து நிற்கும். "பேனா" என்று எழுதினால் ப-வுக்குப் பின் கொம்பு வந்து, அடுத்த ன-வோடும் காலோடும் ஒட்டிக்கொண்டு, "பனோ" என்று படிக்கும்படி ஆகிவிடும்.

யூனிட்டியில் எழுத்தைக் காட்ட எல்லாரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ இப்படித்தான் தவறாகக் காட்டுகிறது. எழுத்துரு மாற்றினால் சரியாகும் என்று நாலைந்து எழுத்துருக்களை ஏற்றிப் பார்த்து ஒரு வாரத்தை இழப்பவர்கள் உண்டு, எழுத்துருவில் குற்றமில்லை. யூனிட்டி 6-இன் யூஐ டூல்கிட்டில் (மெனு, பட்டன் அமைக்கும் முறை) புதிய எழுத்துப் பொறியை இயக்கலாம். பழைய கான்வாஸ் முறையில் செய்த திரைகளுக்கு அது கைகொடுக்காது. பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருவுக்கு உரையை மாற்றிக் காட்டுவது இன்னொரு வழி. தலைப்பு, பட்டன் போன்ற மாறாத வரிகள் மட்டும் என்றால் படமாகவே வைத்துவிடுங்கள்.

கோடோ 4-இல் ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைப்புப் பொறி உள்ளேயே இருப்பதால் எழுத்து சரியாக விழும். இரண்டு கவனங்கள் போதும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை புராஜெக்டுக்குள் வைத்து அமைப்பில் காட்டுங்கள். இல்லையென்றால் உங்கள் கணினியின் எழுத்துருவைக் கடன் வாங்கி எடிட்டரில் தமிழ் தெரியும், பிரவுசரில் கட்டம் கட்டமாக வரும். உரையாடலை எழுத்தெழுத்தாகத் தட்டிக் காட்டும் விளைவு வைத்தால், வடிவமைத்த பிறகு எண்ணும்படி அமைப்பை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் "கொ" வரும்போது முதலில் "க" தோன்றிப் பிறகு துள்ளி நகரும்.

அன்ரியலில் தமிழ் எழுத்துருவை ஏற்றினால் சரியாக வரும். பைகேமில் முதல் நாளே ஒரு வரி எழுதிப் பாருங்கள்; வராவிட்டால் படம்தான்.

## முடிவெடுக்க ஒரு மாலைச் சோதனை

வாக்குவாதத்தை நிறுத்திவிட்டு, இறுதிப் பட்டியலில் இருக்கும் இரண்டு எஞ்சின்களை மட்டும் ஒரு மாலை சோதியுங்கள்.

1. குழுவின் பலவீனமான லேப்டாப்பில் காலி புராஜெக்ட் திறக்க எவ்வளவு நேரம், ஒரு வரி மாற்றி பிளே அழுத்தினால் எவ்வளவு நேரம் என்று போனில் அளந்து எழுதுங்கள். இரண்டாவது எண் 20 வினாடிக்கு மேல் போனால் அந்த எஞ்சினை விட்டுவிடலாம். ஒரு நாளில் நூறு முறை பிளே அழுத்துவீர்கள்.

2. ஒருவர் புராஜெக்ட் உருவாக்கி கிட்ஹப்பில் ஏற்ற, மற்ற மூவரும் குளோன் செய்து (பிரதி இறக்கி) திறக்க வேண்டும். பிழை வந்தால் எந்தக் கோப்பு விடுபட்டது என்று அங்கேயே கண்டுபிடியுங்கள்.

3. வேண்டுமென்றே மோதுங்கள். ஒரே சீனில் ஒருவர் எதிரியை நகர்த்தட்டும், இன்னொருவர் கதவு ஒன்றைச் சேர்க்கட்டும். இருவரும் புஷ் செய்யுங்கள். இரண்டாமவர் அரை மணி நேரத்தில் இரண்டு மாற்றங்களும் இருக்கும்படி சரிசெய்ய முடிகிறதா?

4. பில்ட் எடுத்து, எஞ்சின் இல்லாத ஒரு கணினியில், அல்லது வைவாவில் காட்டப்போகும் அதே போனில் ஓட்டுங்கள். இதைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைத்த குழுக்கள்தான் வைவா அன்று எடிட்டரைத் திறந்து காட்டும் நிலைக்கு வருகின்றன.

5. தமிழ் வேண்டும் என்றால் அந்த பில்டிலேயே "பேனா, கொடி" என்று எழுதிப் பாருங்கள்.

யூனிட்டி மேலே உள்ள 1, 3 ஆகிய சோதனைகள் இரண்டிலும் தேறி, குழுவில் ஒருவராவது அதில் சிறிதாக ஏதாவது முடித்தவராக இருந்தால் யூனிட்டி. இல்லையென்றால் கோடோ. முடிவெடுத்ததும் ரிப்போவின் ரீட்மீ கோப்பில் முதல் வரியாக எஞ்சினின் முழுப் பதிப்பு எண்ணை எழுதி, நாலு பேரும் அதையே இறக்குங்கள். மூன்றாம் வாரம் முடியும் வரை எஞ்சினை மாற்ற அவகாசம் இருக்கிறது. அதற்குள் பிளேயரும் ஒரு லெவலும் ஓடவில்லை என்றால் எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு கேமின் அளவைப் பாதியாக்குங்கள்.